கோபோ வேர் ஆழத்துக்குப் போன கதை

அந்தக் காலத்தில் கரடிகளுக்குப் பேச்சு உண்டு. நரியும் காகமும் ஆற்று மீனும்கூடப் பேசும் என்றாலும், கரடி பேசினால்தான் மனிதர்கள் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அது நிதானமாகப் பேசும். ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான்.

ஜப்பான் தேசத்தின் வடக்கே, குளிர்காலத்தில் பனி கூரை வரைக்கும் ஏறி நிற்கிற மலைப்பக்கத்தில் ஓகுதானி என்று ஒரு சிற்றூர் இருந்தது. அங்கே கினு என்று ஒரு பெண். அவள் புருஷன் யாசுகே கரி சுடுகிறவன். மரத்தை வெட்டிச் சூளையில் அடுக்கி, மண்ணைப் போட்டு மூடி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்கிக் கீழ்நாட்டுக்கு அனுப்புவான். கினு மூட்டை கட்டுவாள், சமைப்பாள், சூளைக்கும் அடுப்புக்கும் நெருப்புப் பிடிக்க மரக்கட்டையைச் சிராய் சிராயாகச் சீவி வைப்பாள். இடது கையில் கட்டையை உருட்டிக்கொண்டே வலது கையால் கத்தியை வீசுவாள். சிராய்கள் மெல்லிசாக, முனை கூராக, மடியில் வந்து விழும். அந்த வேலையைச் செய்யும்போது அவள் கையைப் பார்ப்பதே இல்லை.

ஊருக்கும் மலைக்கும் நடுவே ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் கரடிகளுடையது, இந்தப் பக்கம் மனிதர்களுடையது. கரடி வயலில் இறங்காது. மனிதன் ஓடையைத் தாண்டிப் பொறி வைக்க மாட்டான். எழுதி வைத்த ஒப்பந்தம் இல்லை, வாய்வார்த்தைதான். ஆனாலும் இருதரப்பும் அதைக் காப்பாற்றி வந்தார்கள்.

அந்தப் பக்கத்துக் கரடிகளில் ஒரு பெண் கரடியோடு கினுவுக்குச் சிநேகம். கல்யாணமாகி வந்த புதிதில் மூடுபனியில் வழி தப்பிக் காட்டுக்குள் அலைந்தவளைக் கொண்டுவந்து ஓடைக்கரையில் விட்டது அந்தக் கரடிதான். அதிலிருந்து கினு அதை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். துணி துவைக்கப் போகும்போது தினை உருண்டை நாலைந்து பிடித்து இலையில் சுற்றிக் கரையோரப் பாறையில் வைத்துவிட்டு வருவாள். மறுதடவை போகும்போது இலை இருக்காது. அந்த இடத்தில் ஒரு துண்டுத் தேனடையோ, ஒரு கை காளானோ இருக்கும்.

அந்த மலையில் கோபோ என்று ஒரு செடி காடாக முளைத்துக் கிடந்தது. யானைக் காது மாதிரி இலை. அதன் வேர் இன்றைக்கு இருப்பதுபோல் இல்லை. முள்ளங்கி மாதிரி குட்டையாக, மண்ணுக்கு மேலேயே பாதி தலையைக் காட்டிக்கொண்டு நிற்கும். போகிற போக்கில் ஒரு கையால் பிடுங்கிவிடலாம். ஆனால் மனிதர் யாரும் பிடுங்குவதில்லை. மண் வாசனை, கட்டைபோல நார், ஒரு கடி கடித்தால் வாயெல்லாம் துவர்ப்பு. கரடித் தீனி என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள்.

ஓர் இலையுதிர் காலத்தில் காட்டுப்பன்றிகள் வந்து ஊரின் தினை வயலைப் பாழாக்கின. யாசுகேயின் வயல்தான் அதிகம் போயிற்று. அவன் பொல்லாதவன் இல்லை. ஆனால் குளிர்காலம் வாசலில் நிற்கும்போது விளைந்த வயல் உழுத வயலாகக் கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் மனது கொதிக்கத்தான் செய்யும். ஓடையின் இந்தப் பக்கக் கரையில், பன்றிகள் இறங்குகிற தடத்தில், கனத்த மரக்கட்டை ஒன்றைத் தூக்கி நிறுத்தி அதன் அடியில் இரை வைத்துப் பொறி கட்டினான். இரைக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை. வீட்டில் கினு பிடித்து வைத்திருந்த தினை உருண்டைகளில் கொஞ்சத்தை எடுத்துப் போய்விட்டான். அவள் அப்போது கரிச்சூளையில் இருந்தாள். அவள் யாருக்காக அந்த உருண்டைகளைப் பிடிக்கிறாள் என்பதும் அவனுக்குத் தெரியாது.

மறுநாள் கட்டை விழுந்து கிடந்தது. அடியில் பன்றி இல்லை. இரத்தமும், இரண்டு பெரிய பற்களும், கறுத்த மயிர்க் கொத்தும் கிடந்தன. விழுந்தது பன்றி இல்லை, கரடி என்று யாசுகேக்குத் தெரிந்துவிட்டது. கட்டையை ஓடையில் தள்ளிவிட்டு, பற்களை மண்ணில் புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, இரைக்கு எதை எடுத்துப் போனான் என்பதையும் சேர்த்துக் கினுவிடம் மட்டும் சொன்னான். சொல்லிவிட்டு, இது வெளியே தெரிந்தால் கரடிகள் ஊருக்குள் இறங்கிவிடும், வாயைத் திறக்காதே என்றான். கினு அழுதாள். பிறகு ஓடைக்கு ஓடினாள், அக்கா அக்கா என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அந்தப் பக்கம் மரங்கள்தான் நின்றன. சில நாளில் பனி விழ ஆரம்பித்துவிட்டது.

அந்தக் குளிர்காலம் நீண்டது. கீரை காய் எதுவும் இல்லை. இடித்த அரிசி அடையும் உப்புக் கருவாடும்தான் மூன்று வேளையும். புகை சூழ்ந்த வீட்டுக்குள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, அதையே தின்று, அப்படியே தூங்கி எழுந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊரில் எல்லாருக்கும் வயிறு மந்தமாயிற்று. யாசுகேக்கு மட்டும் அது முற்றிக் கட்டிக்கொண்டது. வெளிக்குப் போவது நின்றுவிட்டது. வயிறு பானைபோல உப்பி, தொட்டால் கல்லாக இருந்தது. சோறு இறங்கவில்லை. தண்ணீர் குடித்தாலும் குமட்டியது. மரத்தை ஒற்றை ஆளாகத் தோளில் தூக்கி வருகிறவன், சுவரோரம் சுருண்டு படுத்து முனகிக்கொண்டிருந்தான்.

ஊர் வைத்தியர் வந்து வயிற்றில் மூலிகைத் திரி வைத்துச் சூடு போட்டார். கோயில் பூசாரி வந்து மணி அடித்து மந்திரித்தார். அடுத்த வீட்டுக்காரர்கள் கடற்பாசிக் கஞ்சி கொண்டுவந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் வைத்தியர் கினுவை வாசலுக்குக் கூப்பிட்டு, இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கினு வாசலிலேயே நின்று மலையைப் பார்த்தாள். தெற்குச் சரிவில் பனி உருகி மண் தெரிய ஆரம்பித்திருந்தது. கரடிகள் வெளியே வருகிற நேரம். அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. குளிர்காலம் பூராவும் கரடி ஒன்றும் தின்பதில்லை, வெளிக்கும் போவதில்லை. வயிறு அடைத்துக்கொண்டுதான் குகையிலிருந்து எழுந்து வருகிறது. ஆனாலும் சில நாளில் பழைய கரடியாகிவிடுகிறது. அப்படியென்றால் அதற்கு ஏதோ ஒரு மருந்து தெரிந்திருக்க வேண்டும்.

அந்த மருந்தைக் கேட்க அவள் அக்காவிடம்தான் போக வேண்டும். உயிரோடு இருக்கிறதோ இல்லையோ. இருந்தாலும் எந்த முகத்தோடு போய் நிற்பது? உள்ளிருந்து யாசுகேயின் முனகல் கேட்டது. சிராய் சீவுகிற கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

ஓடையைத் தாண்டிச் சரிவில் ஏறிப் போனால், பாறைக்கடியில் ஒரு குகை. உள்ளே குட்டிகள் சிணுங்குகிற சத்தம். குகைக்கு முன்னால் அந்தக் கரடி உட்கார்ந்திருந்தது. கினுவுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. தோல் தொங்கியது. கீழ்த்தாடை ஒரு பக்கமாகக் கோணி நின்றது. முன்னங்கால்களுக்கு நடுவே ஒரு கோபோ வேரைப் பிடித்து வாயில் வைத்துக் கடிக்கப் பார்த்தது. வேர் நழுவிக் கீழே விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தது. மறுபடி விழுந்தது.

கரடி நிமிர்ந்து அவளைப் பார்த்தது. பேச்சு குழறியது. ஒவ்வொரு சொல்லையும் வாயிலிருந்து தள்ள வேண்டியிருந்தது.

"கினுவா? கத்தி வைத்திருக்கிறாயா? இதைக் கொஞ்சம் சின்னதாக்கிக் கொடு. இது உள்ளே போகாமல் என் வயிறு திறக்காது. வயிறு திறக்காமல் எதுவும் தின்ன முடியாது. குட்டிகளுக்குப் பால் வற்றிவிட்டது."

கினு பக்கத்தில் உட்கார்ந்தாள். வேரை வாங்கி, மண்ணை வழித்துவிட்டு, தினமும் கட்டையைச் சீவுகிறமாதிரியே இடது கையில் உருட்டிக்கொண்டு சீவ ஆரம்பித்தாள். வெள்ளை வெள்ளையாகச் சிராய்கள் விழுந்தன. விழுந்த வேகத்தில் காற்றுப் பட்டுக் கறுத்தும் போயின. கரடி ஒரு வாய் எடுத்துத் துவர்ப்பு தாங்காமல் துப்பியது. பல் இருந்த காலத்தில் முழு வேராக மென்றபோது தெரியாத துவர்ப்பு, காயம்பட்ட வாயில் எரிந்தது. கினு யோசித்தாள். பக்கத்தில் பனி உருகிய நீர் தேங்கி நின்றது. சிராய்களை அதில் கொட்டி அலசினாள். தண்ணீர் பழுப்பாக மாறியது. அள்ளிப் பிழிந்து, உள்ளங்கையில் வைத்து, கரடியின் நாக்கில் கொண்டுபோய் வைத்தாள். இந்தத் தடவை விழுங்கிவிட்டது.

வெயில் உச்சிக்கு வரும்வரை அவள் சீவிக்கொண்டே இருந்தாள். ஊட்டிக்கொண்டும் இருந்தாள். பிறகு கரடி எழுந்து புதருக்குப் பின்னால் போய், நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தது. நடையே மாறியிருந்தது. ஓடைத் தண்ணீரை வயிறு நிறையக் குடித்துவிட்டுக் குகைக்குள் போய்க் குட்டிகளுக்கு மடியைக் கொடுத்துப் படுத்தது. சிணுங்கல் நின்றது.

வெளியே வந்து கினுவின் பக்கத்தில் உட்கார்ந்ததும், எதற்காக வந்தாய் என்று விசாரித்தது. புருஷன் வயிறு கட்டிக் கிடக்கிறான், பிழைப்பது சந்தேகம் என்று கினு சொன்னாள்.

கரடி உடனே நாலைந்து கோபோ வேர்களைப் பிடுங்கி அவள் முன்னால் போட்டது. இதில் சதை கிடையாது, நார்தான், கொழுப்பு ஏறும் என்று எதிர்பார்க்காதே என்றது. ஆனால் அந்த நார் குடலுக்குள் போய் ஊறி, துடைப்பம்போலப் பெருக்கிக்கொண்டு வந்துவிடும், அதற்குப் பிறகு தின்கிற சோறுதான் உடம்பில் ஒட்டும் என்று விளக்கியது. வாய் குழறினாலும் சொல்லவேண்டியதை ஒன்று விடாமல் சொன்னது. தோலை ஆழமாகச் சீவிவிடாதே, வாசனையும் குணமும் தோலை ஒட்டித்தான் இருக்கிறது, மண் போகச் சுரண்டினால் போதும் என்றது. கினு வேர்களை தலைத்துணியில் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டாள்.

அப்போது கரடி கேட்டது:

"அந்த இரையில் தினை உருண்டை இருந்தது. உன் கை வாசனை அடித்தது. நீ எனக்காக வைத்திருக்கிறாய் என்றுதான் தலையை உள்ளே நீட்டினேன். யார் வைத்தது அது?"

யாரோ பக்கத்து ஊர் வேடர்கள் திருடிக்கொண்டு போய் வைத்திருப்பார்கள் என்று ஒரு பொய் கினுவின் வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் கரடி நம்பியிருக்கும். சொல்லாமல் இறங்கி ஓடியிருந்தாலும் மருந்து முதுகில்தான் இருந்தது. அவள் அந்தக் கோணிய தாடையைப் பார்த்தாள்.

"உருண்டை நான் பிடித்தது அக்கா. பொறி வைத்தது என் வீட்டுக்காரர். பன்றிக்கு என்றுதான் வைத்தார். விழுந்தது நீங்கள் என்று தெரிந்த பிறகும் நாங்கள் வாயைத் திறக்கவில்லை. இந்த மருந்தும் அவருக்குத்தான்."

கினு முதுகு மூட்டையை இறக்கி அதன் முன்னால் வைத்தாள். கரடி அதை மூக்கால் அவள் பக்கமே திரும்பத் தள்ளியது. கொடுத்ததை அது திரும்ப வாங்கவில்லை.

ஆனால் எழுந்து நின்றது. பக்கத்தில் இருந்த கோபோச் செடிக்குப் போய், முன்னங்கால் இரண்டையும் தூக்கித் தன் முழுக் கனத்தையும் போட்டு ஒரு மிதி மிதித்தது. மண்ணுக்கு மேலே தலை காட்டிக்கொண்டிருந்த வேர் உள்ளே போய்விட்டது. மறுபடி மிதித்தது. இன்னும் உள்ளே போயிற்று. குட்டை வேர் நசுங்கி நீண்டு, கீழே கீழே இறங்கிற்று. அது முடிந்து அடுத்த செடி. அதற்கடுத்தது. சரிவு பூராவும் ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டே போனது. கோபத்தில் மிதிக்கிறதா, அழுதுகொண்டே மிதிக்கிறதா என்று கினுவுக்குத் தெரியவில்லை. பின்னாலேயே ஓடி அதன் பிடரி மயிரைப் பற்றி நிறுத்தப் பார்த்தாள். மயிர்தான் கையோடு வந்தது. சென்ற வருஷத்துக் காய்ந்த பூங்கொத்துகளில் அந்த மயிர் சிக்கி ஒட்டிக்கொண்டது. அதனால்தான் கோபோவின் காய் இன்றும் போகிறவர் வருகிறவர் துணியைப் பிடித்துக்கொள்கிறது என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள்.

கடைசிச் செடியையும் மிதித்துவிட்டுக் கரடி திரும்பியது. களைத்துப் போயிருந்தது.

"மறுபடி வேண்டுமென்றால் அவனையே வரச் சொல்" என்றது.

கரடி மனிதரிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

கினு வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினாள். வேர் எல்லாவற்றையும் மண் போகச் சுரண்டினாள். கரடிக்குச் சீவியமாதிரியே மெல்லிசாகச் சீவித் தண்ணீரில் போட்டு அலசினாள். வெறுமனே கொடுத்தால் யாசுகே வாயில் வைக்க மாட்டான். வைக்கோலுக்கு அடியில் தேடியதில், எப்போதோ விழுந்து மறந்துபோன வாடிய கேரட் இரண்டு அகப்பட்டன. இத்தனை மாதம் புகைக்குள் இருந்து மங்கிப் போன கண்ணுக்கும் அது நல்லது என்று அதையும் அதேபோல் சீவிச் சேர்த்தாள். ஜாடியின் அடியில் மிச்சமிருந்த எள்ளெண்ணெயைச் சட்டியில் வழித்து ஊற்றி, காய்ந்ததும் இரண்டையும் போட்டு வதக்கி, சோயா சாறு தெளித்து, ஈரம் வற்றும்வரை கிளறினாள். மேலே ஒரு சிட்டிகை எள். சட்டியிலிருந்து கிளம்பிய வாசனைக்கு, முகம் திருப்பிப் படுத்திருந்தவன் இந்தப் பக்கம் திரும்பினான்.

குச்சி முனையில் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தாள். மெல்லும்போது நொறுக்கென்று சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் கேட்டான். சட்டியில் இருந்ததை முழுக்கத் தின்றுவிட்டு, மேலே வெந்நீரும் குடித்துவிட்டுப் படுத்தான். விடிந்ததும் போர்வையை உதறிவிட்டு எழுந்து, செருப்புகூடப் போடாமல் பனியில் கொல்லைக்கு ஓடினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அவன் திரும்பி வந்து சோறு கேட்டபோதுதான் கினு உட்கார்ந்து அழுதாள்.

சாப்பிட்டு முடித்த பிறகு, அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நழுவி நழுவி விழுந்த வேரை, வற்றிப்போன பாலை, தன் கை வாசனையை நம்பி நீட்டிய தலையை, அவனையே வரச் சொன்னதை. யாசுகே கேட்டுக்கொண்டே இருந்தான். அதற்குள் ஊரார் ஒவ்வொருவராக வாசலில் வந்து நின்றார்கள். அவரவர் வீட்டிலும் வயிறு கட்டிக் கிடந்தது. அந்தக் கரடித் தீனியில் ஒரு துண்டு கிடைக்குமா என்று கேட்டார்கள். மிச்சம் ஒன்றும் இல்லை. யாசுகே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தான். கினுவும் கூடப் போனாள்.

சரிவில் காய்ந்த தண்டுகள் நின்றன. யாசுகே ஒன்றைப் பிடித்து இழுத்தான், அது கையோடு முறிந்து வந்தது. இன்னொன்றும் முறிந்தது. மண்வெட்டியால் வெட்டினான், வேர் பாதியில் அறுந்துபோய் மீதி உள்ளேயே தங்கிவிட்டது. அவ்வளவு தூரம் ஏறி வந்த களைப்பு வேறு. வேறு வழியில்லாமல் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மண்டியிட்டான். விரலால் தோண்டினான். மணிக்கட்டு வரை போனது, முழங்கை வரை போனது, இன்னும் வேரின் நுனி வரவில்லை. தோள் வரை கையை விட்டு, கன்னத்தை ஈரமண்ணில் அழுத்திக்கொண்டு துழாவினான்.

கினு மேலே பார்த்தாள். பாறை மீது கரடி நின்றது. இருபுறமும் இரண்டு குட்டிகள். யாசுகேயும் பார்த்துவிட்டான். எழுந்து ஓடவில்லை. இருந்த நிலையிலேயே, கை மண்ணுக்குள்ளும் முகம் மண்மேலுமாக, மெதுவாகச் சொன்னான்:

"நான்தான் வைத்தேன். மன்னித்துவிடுங்கள்."

கரடியின் வாய் அசைந்தது. வார்த்தை வரவில்லை. வராமல் போயிற்றா, வேண்டாம் என்று விட்டுவிட்டதா, தெரியாது. அது குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டது. அந்தக் குட்டிகளுக்கு அது தேன் எடுக்கக் கற்றுக்கொடுத்தது, மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது. பேச மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை.

அன்று யாசுகே தோண்டி எடுத்தது அவன் கை நீளத்துக்கு இருந்தது. ஒல்லியாக, மண் நிறத்தில், நேராக. அதில் ஒரு பாதியைக் கினு அங்கேயே உட்கார்ந்து சீவி, ஓடை நீரில் அலசி, ஓர் இலையில் வைத்துக் குகை வாசலில் வைத்தாள். அடுத்த நாள் ஊரார் தோண்ட வந்தபோது இலை காலியாக இருந்தது. கரடி தின்றதா, வேறு எதுவாவது தின்றதா, யாரும் பார்க்கவில்லை.

கின்பிரா என்று இப்போது அந்த நாட்டு வீடுகளில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைக்கிறார்களே, அந்தப் பொரியல் இப்படி வந்ததுதான். மெல்ல முடியாத ஒரு வாய்க்காகச் சீவியதைத்தான் பல் உள்ளவர்களும் சாப்பிடுகிறார்கள். அன்று முதல்தான் கரடி மனிதரைப் பார்த்தால் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போகிறது. அன்று முதல்தான் கோபோ வேரை யாராலும் நின்றபடி பிடுங்க முடிவதில்லை. எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் மண்டியிட்டுத்தான் எடுக்க வேண்டும்.